மீந்த இரும்பு

செவ்வாய்க்கிழமை காலை, சேன்-பியேர் மருத்துவமனை.
ஓதில் என் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி
நரம்பைக் கூப்பிடுகிறாள்.
"இன்றைக்கும் ஒளிந்துகொண்டதா, முசியே நரசிங்கன்?"
ஊசி தடிமன். இரண்டு வருடமாகியும்
நான் ஜன்னல் பக்கம்தான் பார்ப்பேன்.

கீழே இயந்திரம் பையைத் தொட்டிலாட்டுகிறது.
நானூற்றைம்பது மில்லி.
அதில் கால் கிராம் இரும்பு இருக்குமாம்,
இரண்டு குண்டூசி எடை.
எனக்குள்ளே ஒரு டப்பா நிறைய இருந்தது.

முதலில் சொன்னது விரல்தான்.
ஸ்பானர் பிடிக்கிற இரண்டு விரல்களின் மொட்டில் வலி.
லெ கோல் ஆலையில் முப்பது வருடம் போல்ட் முறுக்கியவனுக்கு
வலிக்காதா என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.
பிறகு களைப்பு.
மதியம் இரண்டு மணிக்கே எலும்பெல்லாம் ஈரத் துணி.
தோல் கறுத்தது. கறுத்தவன் கறுப்பதை யார் கண்டார்?
"ரெயூனியன் வெயில்" என்றாள் ழிஸேல்.
"வயசு" என்றான் தம்பி.
பக்கத்து வீட்டு மதாம் ஓவாரோ
"ரத்தம் கம்மி, பார்த்தாலே தெரிகிறது" என்று
வேலி வழியாக முருங்கைக்கீரை நீட்டினாள், கட்டுக் கட்டாக.
கூடவே மருந்துக்கடை இரும்பு மாத்திரை,
ஆரஞ்சுச் சாற்றோடு.
மூன்று மாதம் விழுங்கினேன்,
துருப்பிடித்த கதவுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல.

ஃபெரிட்டின்: இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
கரண்ட் பில்லோ என்று
காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

மரபணு முடிவு வந்த அன்று
டாக்டர் தயங்கிக் கேட்டாள்:
"உங்கள் குடும்பத்தில் பிரெத்தாஞ்காரர் யாராவது உண்டா?"
சிரித்துவிட்டேன். நெற்றியில் காலை விபூதி இருந்தது.
"கரும்புக்கு வந்தவர்கள் நாங்கள்" என்றேன்.
"அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.
இது வர இரண்டும் வேண்டும்" என்றாள், மெதுவாக.

ஆவணக் காப்பகத்தில்
இரண்டு தோட்டங்கள், இரண்டு பிறப்புப் பதிவுகள்.
தாயின் பெயர் இருந்தது.
ஒன்றில் அஞ்சலை, இன்னொன்றில் குப்பாயி.
தகப்பன் பெயருக்கான இடத்தில்
ஒரு கோடு.
கொஞ்சம் அழுத்தியே இழுத்த, பழுப்பேறிய கோடு.
"அந்தக் காலத்து மசியில் இரும்பு சேர்ப்பார்கள்" என்றார் காப்பாளர்,
பேச்சுவாக்கில்.

அஞ்சலையும் குப்பாயியும் வாய் திறக்காததை
ஈரல் எழுதி வைத்திருக்கிறது.
அந்தப் பெயர்களைத் தேட எனக்கு ஆசையில்லை.
கோடு கோடாகவே கிடக்கட்டும்.

ரம் போயிற்று. பச்சைச் சிப்பி போயிற்று.
ஆட்டுக்கறி மாதம் ஒரு நாள்,
சோற்றோடு பால் விடாத தேநீர்.
"கீரைக்கும் சிலாவோஸ் பருப்புக்கும் பயப்படாதீர்கள்,
ஊசிதான் மருந்து" என்றார்கள்.
ழிஸேல் நம்பவில்லை.
கல்யாணத்துக்கு வந்த இரும்புச் சட்டியை
அவளே தூக்கிக் கொல்லையில் வைத்தாள்.
என் ஈரலுக்கு அழாதவள் சட்டிக்கு அழுதாள்.
இருபத்தெட்டு வருடக் கறி அதன் அடியில்.
இப்போது கோழிகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன.

தம்பியைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன்.
"இரும்படிக்கிற இடத்தில் ஈக்கென்ன வேலை?" என்று
கோப்பையைத் தூக்கினான்.
தூக்கிய கையில் அந்த இரண்டு விரல் மொட்டும்
வீங்கியிருந்தது.

முதல் வருடத்துப் பைகள் எரிக்கப் போயின.
அளவு இறங்கிய பிறகு
தானத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.
ஏதோ ஒரு பிரசவ அறையில்,
ஏதோ ஒரு லாரி விபத்தில்
என் மிச்சம் யாருக்கோ போதுமானதாக இருக்கும்.
இல்லாமலும் போகலாம். சொல்ல மாட்டார்கள்.

ஓதில் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறாள்.
பிஸ்கட். தேநீர்.
வெளியே வந்தால் நடைவழி பெஞ்சில் தம்பி,
தொப்பியைச் சுருட்டிக்கொண்டு.
"தலை சுற்றினால் நீ எப்படி வண்டி ஓட்டுவாய்,
அதான் வந்தேன்" என்கிறான்.
சட்டைப்பையில் ஆய்வகச் சீட்டு மடிந்திருக்கிறது,
நீல முத்திரை மட்டும் வெளியே தெரிய.
நான் கேட்கவில்லை.
சாவியைக் கொடுத்தேன்.